நான்காவது சுவர் இல்லாத அறை

2024 ஜூன் 29. பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வீழ்த்தி இந்திய அணி டி20 உலகக் கோப்பையை வென்றது. நம் தெருக்களில் வெடிச்சத்தம் கேட்ட அந்த இரவு நினைவிருக்கும். அதற்கு அடுத்து நடந்ததுதான் இன்றைய பேச்சுக்குத் தேவை. ஊர் திரும்ப வேண்டிய வீரர்கள் விடுதியிலேயே முடங்கினார்கள். பெரில் புயல் நெருங்கியதால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தனி விமானம் ஏற்பாடாகி, அவர்கள் டில்லியில் வந்து இறங்கியது ஜூலை 4 காலையில்.

உலகக் கோப்பை வென்றவர்களுக்கே இந்தக் கதி. சொந்தக் காசைச் சேர்த்துவைத்து, திருமண வெள்ளிவிழாவுக்கென்று கரீபியன் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் நாள் பார்க்காமல் போகலாமா?

அந்தக் கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை மழை குறைவு, வாடகை அதிகம். செப்டம்பரில் அறை சல்லிசாகக் கிடைக்கிறது என்று விளம்பரம் வந்தால், காரணம் இப்போது புரியும். அப்படியும் போகத் துணிந்தால் பயணக் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. தெற்கே ஒதுங்கியிருக்கும் அரூபா, குராசோ தீவுகளைப் புயல்கள் தொடுவது அரிது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

சரி, நாள் குறித்தாயிற்று. எந்தத் தீவு? கரீபியனில் தீவுக்கா பஞ்சம்? ஆனால் செயிண்ட் லூசியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றவை பின்னால் போய்விடும். அதே உலகக் கோப்பையில் ரோகித் சர்மா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 41 பந்தில் 92 ரன் விளாசினாரே, அது இந்தத் தீவின் வடக்கு முனையில்தான். மொத்தப் பரப்பு 617 சதுர கிலோமீட்டர். இதற்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அடித்துக்கொண்டதில் தீவு 14 முறை கைமாறியது என்பார்கள்.

தென்மேற்கில் சூஃப்ரியேர் என்ற சிற்றூர். அதன் அருகே கடலிலிருந்து நெட்டுக்குத்தாக எழும்பி நிற்கின்றன குரோ பீட்டான், பெட்டி பீட்டான் என்னும் இரண்டு எரிமலைக் கூம்புகள். இரண்டுமே 700 மீட்டருக்கு மேல். 2004இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுக்கு எதிரே மலைச்சரிவில் ஜேட் மவுண்டன் என்றொரு விடுதி இருக்கிறது. 29 அறைகள்; ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலம். உள்ளே நுழைந்தால் மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் கண்ணாடிகூட இல்லை, திறந்தவெளி. கட்டிலில் படுத்தபடியே இரண்டு கூம்புகளும் தெரியும். 24 அறைகளில், அந்தச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நீச்சல் குளம். குளத்து விளிம்பைத் தாண்டினால் கீழே கடல். கதவே இல்லாத பக்கத்தை எப்படிச் சாத்துவது? ஆகவே காற்று வரும், தவளைச் சத்தம் வரும், சர்க்கரைக் கிண்ணத்தை மோப்பம் பிடித்துச் சின்னக் குருவிகளும் வரும். கொசுவலை உண்டு. தொலைக்காட்சி கிடையாது, தொலைபேசி கிடையாது. வானொலியும் கிடையாது! நேயர்கள் மன்னிக்க வேண்டும், அந்த ஒரு குறையை மட்டும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட அறைக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அதே ஊரின் கந்தக ஊற்றில் சேறு பூசிக் குளிப்பதற்குச் சிறு கட்டணம்தான். கடற்கரைகளோ எல்லோருக்கும் பொது.

பணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அங்கே அமெரிக்க டாலரும் புழங்கும், கிழக்குக் கரீபியன் டாலரும் புழங்கும். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாத கணக்கு. டாக்சிக்காரர் "நூறு டாலர்" என்றால், "எந்த டாலர், ஐயா?" என்று ஏறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. உள்ளூர் நூறு டாலர் நோட்டில் இருப்பவர் ஆர்தர் லூயிஸ், 1979இல் பொருளாதார நோபல் பெற்ற அந்த மண்ணின் மைந்தர். 1992இல் இலக்கிய நோபல் பெற்ற கவிஞர் டெரெக் வால்காட்டும் அந்த ஊர்க்காரர்தான். இதில் வேடிக்கை, இருவரும் பிறந்தது ஜனவரி 23.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். மியாமி வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் இறங்குவது ஹீத்ரோவிலும் ஏறுவது கேட்விக்கிலுமாக அமையக்கூடும். அதற்கேற்ற விசாவும் நேரமும் கையில் இருக்க வேண்டும். ஹெவனோரா விமான நிலையம் தீவின் தென்கோடியில் இருப்பதால், வடக்கே அறை எடுப்பவர்களுக்கு மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் வளைந்து நெளிந்து போக வேண்டும். வாந்தி வரும் சுபாவமுள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம்.

போகிறவர்கள் ஜனவரி 23ஐ ஒட்டிப் போகப் பாருங்கள். மழை குறைந்திருக்கும், அந்த இருவரையும் தீவே கொண்டாடிக்கொண்டிருக்கும். ஆனால் அறை கிடைக்க, இந்த ஆண்டே எழுதிப் போட வேண்டும்.