மின்சார வண்டியும் காரோட்டப் பந்தயமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நம் சங்கத்து அன்பர் இருவரிடையே எழுந்த விவாதமே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று. ஒருவர் மூத்தவர், நாற்பது ஆண்டுகளாகப் பெற்றோல் யந்திரங்களுடன் பழகியவர். "மின்சாரக் கார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகத்தான் உதவும், தம்பி, பந்தயத்துக்கு உதவாது" என்றார். மற்றவர் இளைஞர், மோட்டார் யந்திரத் தொழில் கற்கப் புகும் தறுவாயில் இருப்பவர். "ஐயா, இன்னும் பத்து வருடத்தில் பெற்றோல் பந்தயம் என்று ஒன்றும் இராது" என்றார். இருவரும் நம்மை நோக்கித் தீர்ப்புக் கேட்டனர். படியில் நின்று தீர்க்கக்கூடிய வழக்கு அன்று அது. காரியதரிசி அவர்கள் அதையே இன்றைய பொருளாக்கிவிட்டார். ஓர் இளைஞர் தம் வாழ்நாளுக்கு எந்தத் தொழிலைக் கற்பது என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருத்தலால், விளையாட்டுப் பேச்சாக இதனைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை.

முதலிற் பழங்கதை ஒன்றைக் கூறுவோம். மின்சார வண்டி நேற்று முளைத்ததென்று பலர் எண்ணுகின்றனர். மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தை முதன்முதல் தாண்டிய மோட்டார் வண்டி எது தெரியுமா? அது மின்சார வண்டியே. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், கமில் ஜெனாற்சி என்ற பெல்ஜிய நாட்டவர், குண்டு போன்ற வடிவமுடைய வண்டியொன்றில் மணிக்கு 105.88 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடினார். அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயருக்கு, 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்பது பொருள். பெற்றோல் வண்டிகள் அவ்வேகத்தை எட்டப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன. 1902ஆம் ஆண்டில் முதலில் ஒரு நீராவி வண்டியும், அவ்வாண்டிலேயே பின்னர் ஒரு பெற்றோல் வண்டியும் அச்சாதனையைக் கடந்தன.

ஆயின், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1895இல், பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று மீண்டும் பாரிஸ் வந்து சேரும் நெடும் பந்தயம் ஒன்று நடைபெற்றது. தூரம் ஏறக்குறைய 1,180 கிலோ மீற்றர். ஷாந்தோ என்பவரின் மின்சார வண்டியும் அதிற் கலந்துகொண்டது. மாற்றுப் பற்றரிகளை வழிநெடுக முன்கூட்டியே வைத்திருந்தும் அவ்வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. பெற்றோல் வண்டிகளோ முடித்தன.

அன்பர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். குறுகிய தூரத்தில் மின்சாரம் வென்றது, நெடுந்தூரத்தில் தோற்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் இவ்வழக்கின் அடிப்படை மாறிவிடவில்லை. மின்சார வண்டிக்கு என்றும் வேகம் குறைவாயிருந்ததில்லை, குறைவாயிருப்பது கட்டுச்சோறு.

இதனைக் கணக்கினால் விளக்குவோம். நமது வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் 'அலகு' என்று குறிக்கிறார்களே, அதுவே நமக்கு அளவுகோலாகட்டும். ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறக்குறைய 12 அலகு சக்தி அடங்கியுள்ளது. பந்தய வண்டிக்குப் பொருத்தும் பற்றரியிலோ, ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அலகே அடங்கும். அஃதாவது அறுபது மடங்கு வேறுபாடு! எனினும் மின்சாரத்துக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. பெற்றோல் யந்திரம் உண்ணும் சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாய் வீணாகின்றது. உலகில் மிகத் திறமையான பந்தய யந்திரமும் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகின்றது. மின்சார மோட்டாரோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சில்லுக்குக் கொடுத்துவிடும். இதனையும் சேர்த்துக் கணக்கிட்டால் அறுபது மடங்கு முப்பது மடங்களவாய்க் குறைகின்றது. குறைந்தாலும் முப்பது முப்பதே.

போர்முலா ஒன் எனப்படும் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஓட்டங்களில் தூரம் ஏறக்குறைய 305 கிலோ மீற்றர். ஒரு வண்டி 100 கிலோகிராம் எரிபொருள் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், சில்லுக்குச் சேரும் சக்தி 600 அலகு. இதனைப் பற்றரியில் ஏற்றிச் செல்வதானால், பற்றரி மாத்திரம் 3,000 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். சாரதியையும் சேர்த்து அவ்வண்டியின் ஆகக் குறைந்த நிறை 2025ஆம் ஆண்டு விதிப்படி 800 கிலோகிராம். எண்ணூறு கிலோ வண்டியின் முதுகில் மூவாயிரம் கிலோ மூட்டையை ஏற்றிப் பந்தயம் ஓட முடியுமா? நம் மூத்த அன்பரின் கூற்றில் உண்மை உண்டு என்பதை இக்கணக்கே காட்டும்.

அப்படியானால் மின்சார வண்டி பந்தயத்துக்கு உதவாதா? பொறுங்கள். அமெரிக்காவிலே கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்றொரு மலை உண்டு. அதன் உச்சி 14,115 அடி உயரம். நம் நாட்டின் ஆகவுயர்ந்த பிதுருதலாகல மலையோ 8,281 அடி. அம்மலைப் பாதையில் 156 வளைவுகளுடன் 12.42 மைல் தூரம் ஏறும் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 2013ஆம் ஆண்டில் செபஸ்தியன் லோப் என்னும் பிரெஞ்சுச் சாரதி பெற்றோல் வண்டியில் 8 நிமிடம் 13.878 செக்கனில் ஏறி முடித்தார். அதனை எவரும் முறியடியார் என்று பலர் நினைத்திருந்தனர். 2018ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, ரொமேன் டுமா என்பவர் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் மின்சார வண்டியில் 7 நிமிடம் 57.148 செக்கனில் உச்சியை அடைந்தார். எவ்வகை வண்டியும் அதற்கு முன் அம்மலையை எட்டு நிமிடத்துக்குள் ஏறியதில்லை.

இது எவ்வாறு நிகழ்ந்தது? பெற்றோல் எரியக் காற்று வேண்டும். மலையுச்சியிற் காற்று மெலிகின்றது. அதனால் யந்திரமும் மூச்சுத் திணறி வலு குன்றுகின்றது. மின்சார மோட்டாருக்கோ மூச்சு வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்த வலு உச்சியிலும் இருக்கும். எட்டு நிமிட ஓட்டமாதலின் பெரிய பற்றரியும் வேண்டியதில்லை. வண்டி முழுவதுமே 1,100 கிலோகிராமுக்குக் குறைவாய் அமைந்தது. இடமும் தூரமும் பொருந்தியபோது, 1899இல் வென்றது போலவே மின்சாரம் மீண்டும் வென்றது. அந்த மலையடிவாரத்தில் பற்றரிக்கு மின்னேற்றம் செய்ய ஜெனரேற்றர் வைத்தே மின்சாரம் உண்டாக்கினார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். வண்டி புகை கக்காதிருக்கலாம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதனுடன் கூடவே வரும்.

இனி, வண்டிகள் பல சேர்ந்து ஓடும் பந்தயத்தைப் பார்ப்போம். போர்முலா ஈ என்ற மின்சாரக் காரோட்டப் போட்டி 2014ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆந் திகதி பெய்ஜிங் நகரில் ஆரம்பமாயிற்று. அன்றைய வண்டி ஓட்டத்துக்கு எடுக்கக்கூடிய மின்சாரம் 28 அலகு மாத்திரமே. ஒரு பந்தயம் முழுவதற்கும் அது போதாமையால், சாரதி நடுவிலே இறங்கி ஓடிப்போய் இரண்டாவது வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது! பார்த்தவர்கள் சிரித்தார்கள்; சிரிப்பதற்கு நியாயமும் இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின் வந்த இரண்டாந் தலைமுறை வண்டி 52 அலகு கொண்டு, ஏறக்குறைய முக்கால் மணித்தியாலப் பந்தயத்தை ஒரே வண்டியில் முடித்தது. சிரிப்பு அடங்கியது.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. 2023இல் வந்த மூன்றாந் தலைமுறை வண்டியில் அவ்வளவைக் கூட்டினார்கள் அல்லர், 38.5 அலகாகக் குறைத்தார்கள். வேகமோ கூடியது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாய் வீணாகும் சக்தியை மோட்டாரே மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பிவிடுகின்றது. பந்தயத்திற் செலவாகும் சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்களவு இவ்வாறு மீட்கப்படக்கூடும். வருமானம் குறைந்த வீட்டிலே குடித்தனம் நடத்தும் தாய்மார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பானை பெரிதாவது ஒரு வழி. சிந்தாமல் அள்ளுவது இன்னொரு வழி.

சிந்தாமல் அள்ளத் தவறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி, ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் மழைக்கிடையே ஒரு பந்தயம் நடந்தது. விபத்துக்கள் நேர்ந்தபோதெல்லாம் பாதுகாப்பு வண்டி முன்னே வந்து ஓட்டத்தை மெதுவாக்கியது. மெதுவாக ஓடிய நேரத்துக்காக ஒவ்வொருவரும் உபயோகிக்கத்தக்க மின்சாரமும் விதிப்படி குறைக்கப்பட்டது. நேரம் முடியச் சில செக்கன்கள் இருக்கையில் முன்னணி வண்டி கோட்டைத் தாண்டிவிட்டதால், எதிர்பாராத ஒரு சுற்று மேலும் ஓடவேண்டி வந்தது. பலரிடம் மின்சாரம் மிஞ்சியிருக்கவில்லை. கடைசிச் சுற்றிலே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. முன்னே சென்றவரும் பின்தங்கினார். உலகம் பார்த்திருக்க நேர்ந்த இந்த அவமானம், வண்டியின் குறையினாலன்றிக் கணக்கின் குறையினால் வந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜித்தா நகரில், பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தி 30 செக்கனில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மின்சாரத்தை ஏற்றும் முறையையும் தொடங்கினார்கள். வண்டி மாறி ஏறிய காலத்திலிருந்து இது நெடுந்தூரம் அன்றோ!

பட்டணத்துக்குள்ளே பந்தயம் நடத்த முடிவதும் மின்சாரத்துக்குள்ள வசதியே. சத்தமும் புகையும் குறைவாதலால், பாரிஸ் நகரிலும், 2023 பெப்ரவரி 11ஆந் திகதி இந்தியாவின் ஐதராபாத்திலும் நகர வீதிகளிலேயே போர்முலா ஈ ஓட்டம் நடைபெற்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே போகிறோம் என்பாரும் உளர். அவர்களோடு வாதிட நாம் முன்வரவில்லை. சங்கீதத்தில் அவரவர் சுவை அவரவர்க்கு.

குறைகளையும் எடுத்துரைத்தல் கடமை. மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தில் மின்சாரத்தின் கதை அவ்வளவு இனிதாய் முடியவில்லை. மான் தீவிலே 2009ஆம் ஆண்டில் மின்சார மோட்டார்ச் சைக்கிள்கள் 37.73 மைல் கொண்ட ஒரு சுற்றை மணிக்குச் சராசரி 87 மைல் வேகத்தில் ஓடின. 2019இல் மைக்கல் றட்டர் என்பவர் 121.91 மைல் வேகத்தை எட்டினார். பத்து ஆண்டில் இது வியத்தகு வளர்ச்சி. ஆயினும் பெற்றோல் வண்டிகள் அவ்வீதியில் ஆறு சுற்று ஓடும் பெரும் பந்தயத்தில், மின்சாரம் ஒரு சுற்றுக்கு மேல் துணியவில்லை. 2019க்குப் பின் அப்போட்டி நடைபெறவுமில்லை. மோட்டோ ஈ என்னும் உலகப் போட்டியும் 2025ஆம் ஆண்டுடன் இடைநிறுத்தப்பட்டது. இரண்டு சில்லு வண்டியிற் பற்றரிக்கு இடமேது? பாரம் தாங்கத் தோளேது?

தீயும் ஒரு பெரும் பிரச்சினை. 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஜெரெஸ் நகரிற் பயிற்சிக்கு வந்திருந்த மோட்டோ ஈ வண்டிகள் யாவும் ஒரே இரவுத் தீயில் எரிந்து போயின. பந்தயப் பருவமே தள்ளிப்போயிற்று. பற்றரியிற் பிடித்த தீ தண்ணீரூற்றியதும் அடங்குவதன்று. அணைந்தது போலிருந்து மீண்டும் பற்றும். மோதிய வண்டியைத் தொடப் போகின்ற உதவியாளனின் உயிர், பல நூறு வோல்ற்று மின்சாரத்தின் முன் நிற்கின்றது. ஆதலின், வண்டியைத் தொடலாமா என்று காட்டும் விளக்கு வண்டியின்மேல் இருக்கின்றது. மின்சாரம் பாயாத கையுறை இன்றி எவரும் நெருங்குவதில்லை. சாரதியின் பெயரைப் பத்திரிகை எழுதும். இவர்களின் பெயரை எழுதாது. ஒரு பந்தயம் நடைமுறைக்கு உகந்ததா என்று கேட்கும்போது, இவர்கள் பத்திரமாய் வீடு திரும்புகிறார்களா என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இனித் தீர்ப்புக் கூறுவோம். ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட பந்தயம், மலையேற்றம், அடிக்கடி பிரேக் பிடிக்கும் நகர வீதி ஓட்டம் ஆகியவற்றில் மின்சார வண்டி நடைமுறைக்கு உகந்ததே. சிலவற்றில் பெற்றோலையும் வெல்லும். முன்னூறு கிலோ மீற்றரை இடைவிடாத உச்ச வேகத்தில் ஓடுவதற்கும், இருபத்துநான்கு மணித்தியாலப் பந்தயத்துக்கும் இன்றைய பற்றரி போதாது. மூத்தவர் கூறியது பாதி சரி. இளையவர் கூறியதும் பாதி சரி. இருவரும் தவறியது ஓரிடத்திலேதான். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எத்தகைய வீதி என்று கேளாமலே இருவரும் தீர்ப்பளித்துவிட்டனர்.

தொழில் கற்கப் போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. பெற்றோல் யந்திரம் நாளையே மறைந்துவிடும் என்று எண்ணி அதனைக் கற்காது விடவேண்டாம்; மின்சாரம் விளையாட்டுப் பொருள் என்று எண்ணி அதனையும் ஒதுக்கவேண்டாம். ரயர், பிரேக், சட்டகம், காற்றின் எதிர்ப்பு ஆகியவை இரண்டுக்கும் பொது. அவற்றை நன்றாகக் கற்றவர் எக்காலத்திலும் பட்டினி கிடவார். அதன்மேல் உயர் மின்னழுத்தத்தைப் பத்திரமாய்க் கையாளும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோயறியும் வித்தையை அந்தப் பெரியவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்; பற்றரியின் கணக்கை அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். சங்கம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பதும் இதற்காகவே அன்றோ?