கூரையில் விளையும் மின்சாரம்



கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்தால் காரைதீவு வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கிய விபுலானந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் இது. இத்தகைய கரையோர ஊர்களில் வீட்டுக் கூரைமேல் அமர்ந்திருக்கும் சூரியத் தகடுகளை எவ்வாறு பேணுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கன் சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டியபோது, தன்மேல் விழுந்த ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தையே அது மின்சாரமாக மாற்றியது. இக்காலத்து நல்ல தகடுகள் 20 சதவீதத்தையும் கடந்துவிட்டன. இலங்கையில் 2016 ஆம் ஆண்டில் 'சூரிய பல சங்கிராமய' என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கியபின், கூரையில் மின்சாரம் விளைவிக்கும் முயற்சி பரவலாயிற்று. கடன்பட்டுத் தகடு பொருத்திய குடும்பங்கள் பல. ஆதலின் விளைச்சல் குறைந்தால் கடன் தவணையும் தடுமாறும். தகட்டில் ஓடும் உறுப்பு எதுவும் இல்லாமையால் அதற்குப் பராமரிப்பே வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் உளர். கடற்கரையில் அவ்வெண்ணம் பொருந்தாது.

முதலாவது பகை உப்பு. கடற்காற்றோடு வரும் உப்புத் துகள் கண்ணாடிமேல் மெல்லிய படலமாய்ப் படிகின்றது. அது ஈரத்தை இழுக்கும்; ஈரம் புழுதியைப் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கேயுள்ள வயல்வெளியின் தூசியும் வைக்கோல் துகளும் அதனோடு சேர்கின்றன. வாடைக் காலத்துப் பெருமழை இவற்றிற் பெரும்பகுதியைக் கழுவிவிடும். ஆயினும் காகத்தின் எச்சம் மழைக்கு எளிதில் அசைவதன்று.

சிறிய எச்சம் ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தகட்டிலுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால், அவ்விடம் விடுகின்ற அளவு நீரே அப்பாலுள்ள வயல்களுக்குச் செல்லும். அவ்வாறே ஒரு கலம் மறைக்கப்படின் அதன் வரிசை முழுவதும் தளர்கின்றது. மறைபட்ட கலமோ சூடேறுகின்றது. இத்தீங்கைக் குறைப்பதற்காகவே தகட்டின் பின்புறப் பெட்டியில் இருவாயிகளை வைத்திருக்கின்றனர். எனினும் தென்னோலையின் நிழலையும் எச்சத்தையும் அகற்றுவதே முறையான மருந்து.

கழுவுவதற்கு உகந்த நேரம் விடியற்காலை. நண்பகலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது வெடிக்கவும் கூடும். சேமித்த மழைநீரும் மென்மையான துணியும் போதும். கரையோரத்துச் சவர்க் கிணற்று நீரைக் காயவிட்டால் அதுவே வெண்கறையாய் நின்றுவிடும். சவர்க்காரத் தூள், மணல், கம்பித் தேய்ப்பான் ஆகியன ஆகா. எச்சத்தை முதலில் ஊறவைத்துப் பின்னர் துடைத்தல் வேண்டும்.

உப்பு கண்ணாடியோடு நில்லாது. அலுமினியச் சட்டத்தை இரும்பாணி கொண்டு பூட்டினால், உப்பீரத்தில் அவ்விரு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்புக்கு வழி பிறக்கும். துருப்பிடிக்காத உருக்காலான திருகாணிகளே ஏற்றவை. கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு தோன்றுகின்றதா, உறை கருகியுள்ளதா என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் தகுதி பெற்ற மின்வினைஞர் பார்த்தல் வேண்டும். தளர்ந்த இணைப்பு தீவிபத்துக்கும் காரணமாகலாம்.

வெயில் வேண்டும் தகட்டுக்கு வெப்பம் வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். தகடு 60 பாகை வரை சூடேறினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு நேரும். ஆகவே கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோடும் வழியைச் சருகும் பறவைக் கூடும் அடைத்துவிடாமற் காத்தல் அவசியம்.

பெருந்தெருவழியே அறுகம்பே நோக்கிச் செல்லும் பயணிகள், உறங்கவும் சமைக்கவும் வசதி செய்த வண்டிகளின் கூரையிலும் இத்தகடுகளைப் பொருத்திக்கொள்ளலாம். அங்கே தகடு படுக்கையாகக் கிடப்பதால் நீரும் அழுக்கும் ஓரங்களில் தேங்கும். குலுக்கலால் திருகாணிகள் தளரும். நெடும்பயணத்துக்கு முன்னும் பின்னும் பூட்டுகளையும், கூரைத் துளைகளை அடைத்த பசையையும் சோதித்தல் நன்று.

2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்தபோது, தகடு வைத்திருந்த வீடுகள் பலவும் இருளில் மூழ்கின. சேமிப்புக் கலமின்றிப் பொதுக் கம்பியோடு இணைந்த அமைப்பு, அக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். இது பழுதன்று. கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு. இதனை மாற்றியமைக்கத் தாமாக முயல்வது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

கூரையில் ஏறுபவரின் உயிரும் அத்துணை அருமையானது. இன்வேட்டரை நிறுத்தினாலும், ஒளி படுமளவும் தகடுகளில் நேரோட்ட மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். அஸ்பெஸ்டஸ் கூரை மனிதர் பாரத்தைத் தாங்காது முறியக்கூடும். ஈரக் கூரையில் இளைஞர் ஒருவரை ஏற்றிவிட்டுக் கீழே நின்று கட்டளையிடுவது எவ்வகையிலும் தகாது. நிலத்தில் நின்றே நீண்ட கம்பில் கட்டிய துணியால் துடைக்க இயலுமாயின் அதுவே சாலச் சிறந்தது. இயலாதவிடத்துக் கயிறும் பலகையும் துணையாளும் உடைய பயிற்சி பெற்றவரை அழைத்தல் வேண்டும்.

எப்போது கழுவுவது என்பதைத் தகடே சொல்லும். இன்வேட்டர் காட்டும் நாள் விளைச்சலை ஒரு கொப்பியில் குறித்து வந்தால், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடலாம். வானம் தெளிந்திருந்தும் தொகை குறைந்துகொண்டே வந்தால் அழுக்கோ, நிழலோ, பழுதோ உண்டு என்று அறியலாம். கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் அக்கொப்பியை ஒப்படைப்பின், வீட்டின் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்வர்.