புற்றுநோய்: எண்ணினால் காக்கலாம்

(புதுக்கோட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசுகின்ற இம்மேடையில், இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். தக்க பணியே. மொழியைக் காக்க வேண்டுமாயின், அம்மொழியைப் பேசும் மக்கள் முதலில் உயிரோடு இருத்தல் வேண்டும். ஓர் இனம் தன் மக்களுள் எத்தனைப் பேர் எந்நோயால் மடிகின்றனர் என்பதை அறியாதிருக்குமாயின், அவ்வினம் தன்னைத் தானே அறியாதிருக்கின்றது என்றே பொருள்.

புற்றுநோய் என்பது எவ்வளவு நுட்பமான சொல் என்று எண்ணிப் பாருங்கள்! கிரேக்கர் இந்நோயை நண்டோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். நாமோ கறையான் புற்றைக் கண்டு பெயரிட்டோம். தரைக்கு மேலே தெரிகின்ற புற்று சிறிது. தரைக்கு அடியில் பரந்து கிடக்கும் வளைகள் பல. நோயும் அத்தகையதே. வெளியே ஒரு சிறு கட்டி; உள்ளே நெடுநாளாய் நடந்துவரும் அழிவு. இத்துணைத் தெளிவாகப் பெயரிட்ட நாம்தாம் இன்று அப்பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்றோம். "அந்த நோய்" என்கின்றோம். "கெட்ட கட்டி" என்கின்றோம். சொல்லக் கூசிய நோய் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத நோய் தடுக்கப்படுவதில்லை. இன்று நான் வலியுறுத்த வந்த கருத்து இஃது ஒன்றே.

இம்மண்ணின் மகள்

இதனைப் புதுக்கோட்டையில் பேசுவதற்குத் தனியொரு பொருத்தம் உண்டு. 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி இரெட்டி. பெண்கள் கல்லூரிப் படியேறுவதைப் பழியென்று கருதிய காலத்தில், இங்குள்ள மன்னர் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை எதிர்த்துப் போராடியவர். அவ்வை இல்லம் கண்டவர். இவற்றையெல்லாம் நாம் அறிவோம், மேடைதோறும் சொல்கின்றோம். ஆயினும் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் வாழ்வை எவ்வாறு திருப்பியது என்பதைச் சொல்வோர் சிலரே.

அத்துயரத்தை அவர் அழுது தீர்க்கவில்லை; ஒரு நிறுவனமாக வளர்த்தார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய்த் துயர்துடைப்பு நிதி தொடங்கப் பெற்றது. 1952-இல் அடிக்கல் நாட்டப் பெற்றது. 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப் பெற்றது. தொடக்கத்தில் அங்கிருந்தவை 12 படுக்கைகளே. புற்று வந்தவர் சாகத்தானே போகின்றார், அவர்க்கென ஒரு தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் அன்று இருந்தனர். அவ்வினாவுக்கு அவர்தம் மகனார் மருத்துவர் கிருட்டிணமூர்த்தியும், 1955-இல் அங்குச் சேர்ந்து 2021-இல் மறையும்வரை உழைத்த மருத்துவர் சாந்தாவும் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தனர்.

மருத்துவம் செய்ததோடு அந்நிறுவனம் நின்றுவிடவில்லை. எண்ணவும் தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் வகுத்த நாட்டுப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ், 1982-ஆம் ஆண்டிலிருந்து சென்னை மாநகர மக்களிடையே தோன்றும் ஒவ்வொரு புற்றும் அங்குப் பதியப்பட்டு வருகின்றது. பின்னர், 2012-ஆம் ஆண்டு முதல், மாநில அரசும் அந்நிறுவனமும் இணைந்து தமிழ்நாடு முழுவதற்கும் அப்பதிவை விரித்தன. 2012 முதல் 2016 வரையிலான நாட்டுப் பதிவறிக்கை, இந்திய மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரையே உள்ளடக்கியிருந்தது. அக்காலத்தில் ஒரு பெருமாநிலம் தன் மக்கள் அனைவரையும் எண்ண முனைந்தது பெருமைக்குரிய செயலன்றோ?

மூன்று எண்கள்

தோழர்களே! புற்றுநோய்க் கணக்கில் மூன்று எண்கள் உள்ளன. ஒன்று, ஓராண்டில் நூறாயிரம் பேரில் எத்தனைப் பேர்க்குப் புதிதாக நோய் தோன்றியது என்பது. இரண்டு, அதே நூறாயிரம் பேரில் எத்தனைப் பேர் அந்நோயால் இறந்தனர் என்பது. மூன்று, நோய் கண்டவர்களுள் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் எத்தனை விழுக்காட்டினர் என்பது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

முதல் எண்ணைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களைப் பற்றிய நோய்களுள் முதலிடத்தில் நின்றது கருப்பைவாய்ப் புற்று. அகவை வேறுபாட்டைச் சமன்செய்து கணக்கிட்டபோது நூறாயிரம் பெண்களுக்கு நாற்பதுக்கும் மேல் அது இருந்தது. இன்று அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் மார்பகப் புற்று ஏறிவிட்டது. 2012 முதல் 2016 வரையிலான பதிவில் அது நூறாயிரத்துக்கு 42. படிப்பு, காலந்தாழ்ந்த திருமணம், குறைந்த மகப்பேறு, தூய்மைக்குரிய வாய்ப்புகள் ஆகியவை ஒன்றைக் குறைத்தன. பிந்திய முதல் மகப்பேறு, தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்கியமை, உடற்பருமன் ஆகியவை மற்றொன்றைக் கூட்டின என வல்லுநர் கூறுவர். இதனைக் கொண்டு பெண்ணைப் பழைய அடுப்படிக்கே திருப்பியனுப்பலாம் என்று எவரும் கணக்குப் போட வேண்டா. வாழ்க்கை மாறினால் நோயும் மாறும். ஆகலின் காவலும் மாறல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆடவர்க்கு வயிறும் நுரையீரலும் வாயும் முன்னிற்கின்றன. நுரையீரலுக்கும் வாய்க்கும் புகையிலையே பெரும் பகை. பீடியாக இருந்தால் என்ன, வெண்சுருட்டாக இருந்தால் என்ன, வெற்றிலையோடு அடக்கி வைக்கும் துணுக்காக இருந்தால் என்ன, நஞ்சு நஞ்சே.

இரண்டாம் எண் இறப்பு. 2022-ஆம் ஆண்டுக்கு உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 14 இலக்கம் பேர். இறந்தோர் 9 இலக்கத்துக்கும் மேற்பட்டோர். அஃதாவது, புதிய நோயாளர் நூற்றுவர்க்கு இறப்பு 65. உலகம் முழுமைக்கும் பார்த்தால் அது 49. நமக்கு நோய் குறைவாகவே வருகின்றது. ஆனால் வந்தவர் மிகுதியாக மடிகின்றனர். நம் உடல் வலிமை குன்றியதாலா? அன்று. நாம் பிந்திச் செல்வதால்.

மூன்றாம் எண் அதனை மெய்ப்பிக்கின்றது. 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்று கண்ட பெண்களுள் ஐந்தாண்டு கடந்தும் உயிர்வாழ்ந்தோர் அமெரிக்காவில் 90 விழுக்காட்டினர்; இந்தியப் பதிவுகளில் 66 விழுக்காட்டினர். இந்திய மருத்துவமனைப் பதிவுகளின்படி, நோய் சுற்றுப்புறத் தசைகளில் பரவிய பின்னரே வந்து சேர்ந்தோர், மார்பகப் புற்றில் 57 விழுக்காட்டினர். கருப்பைவாய்ப் புற்றில் 60 விழுக்காட்டினர். தலை, கழுத்துப் புற்றுகளில் 66 விழுக்காட்டினர். ஓரிடத்திலேயே அடங்கியிருக்கும்போது கண்ட மார்பகப் புற்றில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஊழ் என்று நாம் சொல்லி அழுவது பெரும்பாலும் காலத்தாழ்வே!

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நோயை முன்னரே கண்டுபிடித்தால், அதே நாளில் இறப்பவர்கூட நோயோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்போலக் கணக்கில் தோன்றுவார். ஆகலின் பிழைத்தோர் விழுக்காடு ஏறிற்று என்பது மட்டும் போதாது; மக்கள்தொகையில் இறப்பும் இறங்கிற்றா என்று கேட்க வேண்டும். அவ்வாறு இறங்கியதை மெய்ப்பித்த ஊர் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு.

திண்டுக்கல் காட்டிய வழி

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ மருத்துவ நடுவமும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதில் இணைந்து நின்றன. 30 முதல் 59 அகவை வரையுள்ள பெண்கள். ஆய்வுக்கு அழைக்கப்பெற்ற ஊர்களில் 49,311 பேர். வழக்கமான மருத்துவம் மட்டும் கிடைத்த ஊர்களில் 30,958 பேர். கையாண்ட கருவி என்ன தெரியுமா? நீர்த்த காடிதான்! பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் அதனைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தறிந்தனர். வேண்டியவர்க்கு உடனே மருத்துவம் செய்தனர். விலையுயர்ந்த பொறி இல்லை, பெருநகர் இல்லை. ஒரே ஒருமுறை செய்த ஆய்வு.

அழைக்கப்பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் இருவரே முன்வந்தனர். அவ்வாறிருந்தும் அவ்வூர்களில் கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடு குறைந்தது. அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. 2007-இல் இலான்செட்டு என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளிவந்தது. இவ்வெற்றியை உலகறியச் செய்தது எது? அவ்வட்டாரத்தில் நோயையும் இறப்பையும் ஊர் ஊராகச் சென்று பதிந்து வைத்த பதிவேடு. எண்ணியிராவிடில் காத்ததையும் அறிந்திரோம்.

நம் மாவட்டத்தின் கணக்கு

இனி நம் புதுக்கோட்டைக்கு வருவோம். 1974-இல் தனி மாவட்டமாகிய இதில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 16 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கந்தர்வக்கோட்டையிலும் திருமயத்திலும் புற்றுக் கண்டவர் எங்கே செல்கின்றார்? திருச்சிக்கு, தஞ்சைக்கு, மதுரைக்கு, சென்னைக்கு. மருத்துவம் செய்த ஊரை வைத்து எண்ணினால் புதுக்கோட்டையில் புற்றே இல்லை என்று ஆகிவிடும்! ஆகவேதான் மக்கள்தொகைப் பதிவில், எங்கே மருத்துவம் பெற்றார் என்று பாராமல், எங்கே வாழ்கின்றார் என்று பார்க்கின்றனர். பதிவாளர் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நேரில் சென்று ஏடுகளைப் பார்க்கின்றனர். இறப்புப் பதிவேடுகளோடு பெயர்களை ஒப்பிடுகின்றனர்.

நாமோ என்ன செய்கின்றோம்? சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி, அவ்வீட்டு முகவரியையே மருத்துவமனையில் எழுதித் தருகின்றோம். உடனே ஒரு புதுக்கோட்டைக்காரர் சென்னைக் கணக்கில் ஏறிவிடுகின்றார். இறந்த பின்னரோ, வீட்டார் "நெஞ்சுவலி" என்கின்றனர், "முதுமை" என்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதியப்பட்ட இறப்புகளுள் மருத்துவர் கரணியம் குறித்துச் சான்றளித்தவை நூற்றுக்கு 23-க்கும் குறைவு. எஞ்சியோர் எந்நோயால் மறைந்தனர் என்பதை அச்சாவுகளின் ஏடு சொல்லாது. நோய் எங்கே மிகுகின்றது என்று தெரியாத அரசு, கதிர் மருத்துவப் பொறியை எங்கே வைக்கும்? செவிலியரை எங்கே அனுப்பும்? பொய் முகவரி நம் ஊருக்கு வரவேண்டியதைப் பிற ஊருக்கு அனுப்பிவிடுகின்றது.

தமிழில் சொல்லுங்கள்

இன்னொரு தடையும் உண்டு. அது நாம் முனைந்தால் நீங்கக் கூடியது. தசைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து எழுதித் தரும் முடிவு எம்மொழியில் இருக்கின்றது? ஆங்கிலத்தில். உழவுத் தொழில் செய்யும் ஒரு தாய் அத்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, படித்தவர் ஒருவரைத் தேடி அலைகின்றார். படித்துச் சொல்பவரும் பாதியை மறைத்துச் சொல்கின்றார். தன் உடலில் நடப்பது தனக்கே தெரியாத ஒருவர், அடுத்த முறை வரவேண்டிய நாளை எவ்வாறு மதிப்பார்? மருத்துவர்கள் தங்கள் துறைக் குறிப்பை எம்மொழியிலும் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் நோயாளர் கையில் தமிழில் ஒரு தாள் தரவேண்டும். எந்த உறுப்பில் நோய், எந்நிலையில் உள்ளது, அடுத்து எந்நாளில் வரவேண்டும் என்னும் மூன்று செய்திகள் போதும்.

உறுப்புகளின் பெயரைச் சொல்ல நாணுவதையும் நாம் விட்டொழிக்க வேண்டும். மார்பகம், கருப்பை என்பவை இழிசொற்கள் அல்ல. நம்மை ஈன்று வளர்த்த உறுப்புகளின் நல்ல தமிழ்ப் பெயர்கள். அவற்றில் வரும் நோயைக் கணவனிடமும் சொல்ல நாணிப் பெண்கள் மடிகின்றனர் என்றால், அந்நாணத்தைக் கற்பித்த குமுகாயமே அச்சாவுக்குப் பொறுப்பு. புற்று தொற்றிப் பரவும் நோயன்று. கருப்பைவாய்ப் புற்றுக்கு வித்தாகும் தீநுண்மி தொற்றக் கூடியதுதான். அதற்கும் இன்று தடுப்பூசி உண்டு. சிறுமியர்க்கு உரிய அகவையில் அதனை இடுவிக்க வேண்டும்.

2023-இல் ஈரோடு, இராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில், வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூவகைப் புற்றுகளையும் முன்னறியும் முயற்சியை அரசு முறையாகத் தொடங்கிற்று. இத்தகைய அழைப்பு நம் தெருவுக்கு வரும்போது கதவைச் சாத்துவோமானால், குறை அரசினுடையது அன்று, நம்முடையது.

எனவே, தோழர்களே! உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் குருதிப்போக்கு, காரணமின்றி மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் ஒத்திப் போடாதீர்கள். மருத்துவமனையில் உங்கள் சொந்த ஊரின் முகவரியையே எழுதுங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் நோயின் பெயரை மறைக்காமல் பதியச் செய்யுங்கள். உங்களுள் மருத்துவம் பயின்றவர்கள் நோயாளரிடம் தமிழில் பேசுங்கள். தமிழில் எழுதித் தாருங்கள்.

இவ்வூரில் பிறந்த ஒரு பெண்மணி, தம் வீட்டில் நேர்ந்த ஒரு சாவை மறைக்கவில்லை. அதனால் எண்ணற்ற வீடுகளில் சாவு தள்ளிப் போயிற்று. நம் வீட்டுத் துயரையும் நாம் மறைக்காதிருப்போம். பெயர் சொல்வோம்; எண்ணுவோம்; காப்போம்.

வாழ்க தமிழ்!