ரேந்தைப் பின்னிய கைகள்: எலிசா கால்டுவெல் அம்மையார்



சென்னைக் கடற்கரையில் கால்டுவெல் ஐயரின் சிலை நிற்கிறது. 1968-இல் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் உலகிற்கு அளித்த பெருமகனார்க்கு அச்சிறப்புத் தகும். ஆயின், அந்நூலாசிரியரின் இல்லத்தில் அவருக்கும் முன்பே தமிழ்ப் பேச்சொலியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இருந்தார். இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைத் 'துணைவியார்' என்ற ஒரு சொல்லில் முடித்துக்கொள்கின்றன.

எலிசா அம்மையார் 1822-இல் பிறந்தவர். தந்தையார் சார்லசு மால்ட், தாயார் மார்த்தா. இருவரும் 1819 முதல் நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சார்பில் இறைப்பணி ஆற்றியவர்கள். கால்டுவெல் தம் இருபத்து நான்காம் அகவையில், 1838-இல், சென்னையில் கரையிறங்கி எழுத்தறிந்து தமிழ் கற்றார்; அம்மையாரின் தமிழோ கிணற்றடியிலும் தெருவிலும் கேட்ட தமிழ். ஒப்பிலக்கணத்தில் இவருக்குப் பங்கு கேட்டு வழக்காடுவது இங்கு நோக்கமன்று. பேச்சு மொழியைப் பிறந்தநாள் தொட்டு அறிந்த ஒருவரோடு இலக்கண ஆசிரியர் நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார் என்பதைத் தமிழாய்வு சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1844-இல் திருமணம். மணமக்கள் சென்று வாழ்ந்த இடையன்குடி தேரிச் செம்மணலும் பனையும் சூழ்ந்த ஊர். கோடையின் காற்றில் மணலே இடம்பெயரும் நிலம். பனையேறும் குடும்பங்களின் பெண்குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க அம்மையார் அங்கே பள்ளி தொடங்கினார். உடன் ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அஃது அவர் தாய்வழி வந்த செல்வம். மார்த்தா அம்மையார் நாகர்கோவிலில் அக்கலையைத் தொடங்கியபோது, பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்னரே நூலும் ஊசியும் அப்பெண்களுக்கு வழி திறந்துவிட்டன!

அப்பின்னலின் முறையும் அறியத்தக்கது. திண்டின்மேல் துளையிட்ட மாதிரித்தாளை விரித்து, ஊசிகளை நட்டு, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை இணையிணையாகக் கடத்தியும் முறுக்கியும் செல்லவேண்டும். ஓர் இணை தவறினால் பின்னே சென்று பிரிக்கவேண்டும். தளை தட்டிய அடியைத் திருத்தும் துன்பம் அறிந்த கவிஞர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கால்டுவெல் 1849-இல் அப்பகுதிப் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய நூல் அம்மக்களை ஆழமாகப் புண்படுத்தியது. கணவரின் ஏடு காயப்படுத்த, மனைவியின் கை ஆற்றியது என்று எழுதிவிடுதல் எளிது. கேட்கவும் இனிமையாகவே இருக்கும். ஆனால் அது வரலாறாகாது. அம்மையாரும் அக்கால மிஷன் இல்லத்தின் எண்ணங்களுக்குள் வளர்ந்தவரே. எனினும் ஒரு சிறுமி தன் பெயரைத் தானே எழுதுவதும், ஒரு தாய் தன் கைக்கூலியைத் தானே எண்ணி வாங்குவதும், அவற்றைத் தொடங்கிவைத்தவரின் எண்ணத்தையும் கடந்து வளர்பவை. இடையன்குடியில் அவ்வாறே வளர்ந்தன.

அம்மையாரின் இறைப்பற்று ஆரவாரமற்றது. இடையன்குடித் திருச்சபைக் கோயிலுக்கு 1847-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, திருநிலைப்படுத்தப்பட்டது 1880-இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! அடிக்கல் நாட்டியபோது இருபத்தைந்து அகவை மங்கையாயிருந்தவர், கோயில் நிறைவுற்றபோது அறுபதை நெருங்கியிருந்தார். இடையில் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம். 1877-இல் கணவர் பேராயரானார். பேராயரின் மனைவி என்னும் பெயர் வந்தது; உழைப்பு குறையவில்லை.

மகள் இசபெல்லா, திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய ஜோசப் வயட் என்பாரை மணந்தார். பாட்டி மார்த்தா, தாய் எலிசா, பேத்தி இசபெல்லா என மூன்று தலைமுறைப் பெண்கள் தென்தமிழ் மண்ணோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டனர்.

1891-இல் கால்டுவெல் கொடைக்கானலில் மறைந்தார். அவர்தம் நினைவுக் குறிப்புகளை மருகர் வயட் தொகுத்து 1894-இல் வெளியிட்டார். கணவரின் வாழ்வு நூலாகியபின் அம்மையார் மேலும் ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 1899-இல், எழுபத்தேழாம் ஆண்டளவில் கண் மூடினார். அவருடைய நினைவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ள அருகில் ஏடும் எழுதுகோலுமாக எவரும் அமரவில்லை.