நம்மிலிருந்து ஆசிரியர்கள்
(கழகத்தின் வெள்ளிவிழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழாக் காணும் கல்விக் கழகம் தன் பெருமைகளை எடுத்தோதுவது வழக்கம். அப்பணியை ஆண்டறிக்கை செவ்வனே செய்திருக்கிறது. நாம் இங்கு ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். விழா நிதியாகத் திரண்டுள்ள தொகையைக் கொண்டு மண்டபம் எழுப்பலாம் என்பார் ஒரு சாரார். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அதைச் செலவிடலாம் என்பார் மற்றொரு சாரார். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர்கள். ஏன் என்பதைப் பேரவை வாக்களிக்குமுன் சொல்லியாக வேண்டும்.

நம் மக்களின் கல்வி வரலாற்றில் 1893 மறக்கத்தகாத ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை அரசு 68ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பின்னாளில் அது போற்றப்பட்டது. பெரிய சேரிகளில் பள்ளிகள், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் என்பவற்றோடு, ஆசிரியப் பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்க்கு உதவித்தொகை என்பதும் அதில் இடம்பெற்றது. அந்தக் கடைசிச் செய்தியைப் பலர் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். நமக்கோ அதுதான் உயிர்நாடி. கட்டடம் எழுப்பி விடலாம், கரும்பலகை வாங்கி விடலாம்; சேரிக்குள் கால் வைக்கக் கூசுகிற ஒருவரை ஆசிரியராக அனுப்பினால் அந்தப் பள்ளி எத்தனை நாள் நடக்கும்? இக்கேள்விக்கு அன்றைய அதிகாரிகளே விடை கண்டிருந்தனர்.

அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்தார். சட்டமன்றம் புகுந்து நம் உரிமைகளை முழங்கிய எம். சி. ராஜா அவர்கள் பள்ளி ஆசிரியராக இருந்து வந்தவர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மராட்டியத்தில் சாவித்திரிபாய் புலே அம்மையார் 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் புகுந்தபோது வெறும் துணிச்சலோடு மட்டும் புகவில்லை. முறையாக ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர் அவர். அவர்கள் நடத்திய பள்ளியிற் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங்கு சாதிச் சிறுமி தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுத, அது 1855இல் ஓர் இதழில் வெளிவந்தது. பள்ளி திறந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை! பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்க்கு அந்தச் சிறுமியைக் காட்டினாற் போதும்.

கடல் கடந்தும் சற்றே நோக்குவோம். அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்தபின் கறுப்பின மக்கள் முதலில் நாடியவற்றுள் ஒன்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. 1881இல் அலபாமா மாநிலத்தில் புக்கர் வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய டஸ்கிகி நிலையம் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே பிறந்தது. அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றொரு ஏற்பாடும் உண்டு. 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. வீட்டிலிருந்தே சென்று, குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறி ஆசிரியப் பட்டம் பெறுவார்கள். அங்கும் குறையில்லாமல் இல்லை. பாதி வழியில் மாறும்போது முன்பு படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் தள்ளுவதும், மாணவர் சோர்ந்து நின்றுவிடுவதும் நிகழ்கின்றன. ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாசலுக்கருகே முதற்படி அமைத்துத் தரும் அக்கருத்து நமக்கு ஏற்புடையது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு முதற்படி உண்டு. மேல்நிலைத் தேர்வு முடித்தவர்க்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பி.எட். படித்தால் போதும் என்று எண்ணியிருப்போர்க்கு ஒரு செய்தி: தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். பட்டம் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோர்க்குப் பட்டயமே வழி.

அவ்வழியில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள்? கட்டணத்தில் மட்டுமன்று. கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் அட்டை, வண்ணத்தாள், படங்கள், பாடக்குறிப்பேடு, பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு என்று சில்லறை சில்லறையாகப் பணம் கரைகிறது. 1944 முதல் நடந்துவரும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை பெரும் துணைதான்; ஆனால் அது கைக்கு வருமுன் அட்டை வாங்கும் நாள் வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நின்றுபோன பெண் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்கள் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை; நீங்களும் அறிவீர்கள்.

பட்டயம் பெற்றபின் இரு தேர்வுகள் காத்திருக்கின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்கள்: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஒவ்வொன்றிலும் 30. தேர்ச்சி பெற்றால் அச்சான்று வாழ்நாள் முழுதும் செல்லும். அத்தோடு முடிவதில்லை. 2018ஆம் ஆண்டின் 149ஆம் எண் அரசாணைப்படி நியமனத்துக்கெனத் தனிப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். நம்மவர் தயங்குவது ஆங்கிலத்திலும் கணிதத்திலும்தான். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. ஆறாம் வகுப்பிலேயே கவனிப்பாரற்று விடப்பட்டதன் வட்டி அது. பணம் படைத்தோர் தனிப்பயிற்சி நிலையங்களில் அந்த வட்டியைக் கட்டிவிடுகிறார்கள். நம்மவர்க்குக் கழகம் கட்ட வேண்டும் என்கிறோம்.

“யார் கற்பித்தால் என்ன, பாடம் ஒன்றுதானே?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாற்று நடவுக் காலத்தில் மூத்த பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லையென்றால் அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கிறாள் என்பது நம் வீட்டில் பிறந்த ஆசிரியைக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு அமைதியாவர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைச் சோம்பேறி என்னுமுன், அவ்வீட்டில் எழுத்தறிந்தவர் உண்டா, விளக்கடியில் உட்கார இடமுண்டா என்று அவர் எண்ணிப் பார்ப்பார். பிள்ளையின் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கும்போது அவர் சிரிக்கமாட்டார். கழிப்பறை கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. நல்லுள்ளம் படைத்த பிற சமூகத்து ஆசிரியர்கள் பலர் நம்மை உயர்த்தியிருக்கிறார்கள், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் நல்லுள்ளம் வாய்க்குமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழந்தை காத்திருக்க வேண்டுமா?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியினரை அப்பகுதித் தலைமையாசிரியராக நியமிக்கலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது பாடத்துக்குப் புறம்பான செய்தியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மவர் ஆசிரியரானதும் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொல்லமாட்டோம். அண்ணல் அம்பேத்கர் 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும் பொதுக் குடத்தில் நீரருந்தச் சக பேராசிரியர்கள் மறுப்புத் தெரிவித்தனர். நம் இளைஞர்களும் இத்தகைய பார்வைகளைச் சந்திப்பார்கள். வேலை கிடைத்தவுடன் நகரத்தில் குடியேறி, ஊர்ப்பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பழிக்க நாம் வரவில்லை. அவ்வாறு மறைக்க வைத்தது எது என்பது நமக்குத் தெரியும். ஆனால் கழகத்தின் பணத்தில் படிப்பவர் மாதம் ஒரு நாளேனும் சேரியின் மாலை வகுப்புக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையை நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம்.

ஆக, நம் முன்மொழிவு இது. விழா நிதியை வங்கியில் நிலைவைப்பாக இட்டு, அதன் வட்டியிலிருந்து பயிற்சி மாணவர்க்கு இரண்டாண்டும் பேருந்துச் செலவும், துணைக்கருவிச் செலவும் கழகம் ஏற்கும். இது கடனன்று. தகுதித் தேர்வில் தேறிய நம் உறுப்பினர்கள் வாசகசாலையில் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர இசைந்திருக்கிறார்கள். பெண்களுக்கு முன்னுரிமை. மண்டபம் பிறகு வரட்டும். இப்போதைக்கு வாசகசாலைக் கூரை ஒழுகாமலிருக்கிறது.

வரும் ஞாயிறு பேரவை கூடுகிறது. இதை ஏற்போரும் எதிர்ப்போரும் தவறாது வந்து வாக்களிக்க வேண்டுகிறோம். மேல்நிலைத் தேர்வு முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துவந்து செயலாளரிடம் அன்றே பெயரைப் பதிந்துகொள்ளலாம்.