ஏரிக்கரையில் வாரம் ஒரு படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் சரக்குக் கணக்குப் பார்த்துப் பிழைக்கும் குமாஸ்தா ஒருவனையும் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. சென்ற ஓராண்டில் நான் கண்டதைச் சொல்லி அமர்கிறேன்.

என் அலுவலக நண்பர் ஒருவர், வங்காளி, படம் எடுப்பதில் ஆர்வமுடையவர். அவரும் அவர் தெருவினர் சிலரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றனர். சனிக்கிழமை மாலை ஒருவர் ஒரு சொல்லைக் கொடுப்பார். அடுத்த வெள்ளிக்குள் அச்சொல்லுக்குப் பொருந்தும் படமொன்றை ஒவ்வொருவரும் அனுப்பவேண்டும். விதிகள் மூன்றே. படம் அந்த வாரத்திலேயே எடுத்ததாக இருக்கவேண்டும், ஒன்றுக்கு மேற்படக்கூடாது, வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவுக்குள் எடுத்திருக்கவேண்டும். பரிசு எதுவும் இல்லை. “தாதா, நீங்களும் சேருங்கள்” என்றார். என்னிடம் இருந்ததோ கைப்பேசி ஒன்றுதான். அதுவே போதும் என்றார்.

நம் காலனியிலிருந்து நடக்கும் தொலைவில் இருப்பது ரவீந்திர சரோவர். முன்னாளில் டாக்குரியா ஏரி எனப்பட்டது; 1958-இல் தாகூரின் பெயரைப் பெற்றது. இது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், சதுப்பும் புதருமாய்க் கிடந்த நிலத்தை வெட்டி அமைத்தது. நீர்ப்பரப்பு மட்டும் ஏறத்தாழ 73 ஏக்கர். வெட்டியெடுத்த மண்ணைக்கொண்டு அக்கம்பக்கத்துத் தாழ்ந்த நிலங்களை மேடாக்கினார்கள். கரையில் 1935-இல் எழுந்த ஜப்பானிய பௌத்தக் கோயில் இருக்கிறது. படகோட்டும் சங்கங்கள் இருக்கின்றன. தென்புறம் பஜ்பஜ் செல்லும் ரயில்பாதை போகிறது. இவ்வூருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகளாகியும் இவற்றுள் ஒன்றையும் நான் நின்று பார்த்ததில்லை. அலுவலகம், காய்கறிக் கடை, வீடு என்ற மூன்று நிலையங்களுக்கிடையே ஓடும் வண்டியாகவே இருந்துவிட்டேன்.

முதல் சொல் ‘நிழல்’. என் பதினொரு வயது மகளை உடன் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் சென்றேன். நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். காலையிலும் மாலையிலுமே நீண்டு விழும். இந்தச் சிறு பாடத்தையே அன்றுதான் கற்றேன். அடுத்த சொல் ‘மரம்’. 2020 மே மாதம் அடித்த அம்பன் புயல் இக்கரையில் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டது. அவற்றுள் ஒன்றின் அடிக்கட்டை என்று காவலாளி காட்டிய இடத்தில் துளிர் கண்டு படமெடுத்தோம். ‘இரும்பு’ என்று சொல் வந்தபோது தண்டவாளத்தை நினைத்தேன். ரயில்வேக்காரன் என்ற முறையில் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன்: படத்துக்காகத் தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். நான் வேலிக்கு வெளியே நின்றே எடுத்தேன்.

ஒரு தவற்றையும் மறைக்கலாகாது. ‘உழைப்பு’ என்ற வாரத்தில், கரையில் குப்பை பொறுக்கிய முதியவளைக் கேளாமலே படமெடுத்தேன். அவள் நிமிர்ந்து, “என் முகத்தை யாரிடம் காட்டப்போகிறாய்?” என்று வங்காளியில் கேட்டாள். விடை சொல்ல வாய் வரவில்லை. படத்தை அவள் எதிரிலேயே அழித்தேன். அன்றுமுதல் கேட்காமல் எவரையும் எடுப்பதில்லை. கேட்டால் பெரும்பாலோர் புன்னகையோடு இசைகிறார்கள். அவர்கள் மறுத்தால் நமக்கு இழப்பொன்றுமில்லை.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். ஒரு வாரம் ‘எழுத்து’ என்ற சொல் வந்தது. மகளும் நானும் ஏரியிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம் நடந்தோம். வாழையிலையும் மல்லிகையும் காப்பித்தூளும் வாங்க நாமெல்லாம் செல்லும் இடந்தானே! ஒரு கடையின் உட்சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கியது. “இதோ நம் எழுத்து!” என்றேன். அவள் அதை உற்றுப் பார்த்து, “அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றாள்.

வீட்டில் அவள் தமிழ்தான் பேசுகிறாள். படிக்கவோ தெரியவில்லை. நான் கற்பிக்கவில்லை; நாளை, நாளை என்று பதினோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. வருத்தத்தோடு வெளியே வந்தேன். அவளோ எதிர்க்கடைகளின் வங்காளிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். அவற்றில் ஓரெழுத்தும் எனக்குத் தெரியாது. கடைக்குள் அவளுக்குக் கண்ணில்லை. வெளியே எனக்குக் கண்ணில்லை. மீண்டும் உள்ளே சென்று, நாட்காட்டியில் ‘ஞாயிறு’ என்ற சொல்லின்மேல் அவள் விரலை வைக்கச் சொல்லிப் படமெடுத்தேன். நண்பர்கள் பொருள் கேட்டனர். அவளே வங்காளியில் எழுதி விளக்கினாள்.

அதுமுதல் ஞாயிறுதோறும் படம் எடுத்தபின் ஏரிக்கரை பெஞ்சில் அரைமணி அமர்கிறோம். நான் அவளுக்குத் தமிழெழுத்து. அவள் எனக்கு வங்காளியெழுத்து. நமக்குக் ககரம் ஒன்று, அவர்களுக்கு நான்கு. அந்நான்கில் நான் தடுமாறும்போது அவள் நகைப்பாள். அவளுக்கு ழகரம் வராது. அப்போது என் முறை. இன்று நான் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறேன். அவள் இவ்விழா அழைப்பிதழை, சற்று மெதுவாகவேனும், முழுதும் படித்தாள்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் இம்மேடையில் வருந்துகிறோம். நாம் வாழும் ஊரின் மொழியை நாம் கற்றோமா என்று எவரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் சித்திரை முதல் நம் காலனிக் குடும்பங்களும் இவ்வாறே வாரம் ஒரு சொல் கொடுத்துப் படமெடுப்போம். சொல்லைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதிச் சங்கப் பலகையில் இடுவோம். படத்தின் கீழே இரு மொழியிலும் ஒரு வரி, பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவற்றை இம்மண்டபச் சுவரில் மாட்டுவோம். முதல் சொல்லைத் தரும் உரிமையை என் மகளுக்கு அளிக்குமாறு வேண்டுகிறேன். அவள் ‘வாசல்’ என்ற சொல்லை எழுதி வைத்திருக்கிறாள்.