74 நாள் கணக்கு



பழவேற்காடு ஏரியில் வலை விரிக்க 'பாடு' முறை உண்டு. எவருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரே வகுத்த கணக்கு. முகத்துவாரம் மணலடைத்து மீன்வரத்து குறைந்தால், குப்பத்துப் பிள்ளைகள் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். குழாய் வெல்டிங்கைச் சோதிக்கக் காமா கதிரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையும் அதில் ஒன்று. "அண்ணே, அந்தப் பெட்டி பக்கம் போனா ஆண்மை போயிடுமாமே?" என்று ஒரு தம்பி கேட்டார். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல.

வேகமாகப் பிரியும் செல்களையே கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்று 1906-லேயே பெர்கோனியே, டிரிபோண்டோ என்ற பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள். விந்தணுவை உண்டாக்கும் செல்கள் அந்த ரகம். முதிர்ந்த அணுக்கள் தாக்குப் பிடிக்கும். அதனால் எண்ணிக்கை உடனே விழாது. இரண்டு மாதம் போல ஆன பிறகே சரியும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். பெட்டிக்குள் இருக்கும் இரிடியம்-192-ன் அரை ஆயுளும் 74 நாள்தான்! தற்செயல் ஒற்றுமை, ஆனா மறக்காது.

0.15 கிரே பட்டாலே எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். 1 கிரே என்றால் மீள 9 முதல் 18 மாதம். 2, 3 கிரே என்றால் சுமார் 30 மாதம். 4 முதல் 6 வரை போனால் 5 வருடமோ, மேலோ, மீளாமலே போவதோ. மூலச் செல்கள் மிஞ்சினால்தான் மறுபடி தழைக்கும். ஆண்மை ஹார்மோன் சுரக்கும் லேடிக் செல்கள் கெட்டியானவை. ஆகவே பிள்ளைப்பேறு தடைப்படலாம், ஆண்மை போகாது.

இந்தக் கணக்கில் ஒரு பகுதி, 1963 முதல் அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் சிறைகளில் கைதிகள்மேல் கதிரைப் பாய்ச்சி எடுத்தது. அதே பாடத்தை நம்ம பசங்க உடம்பில் இன்னொரு முறை படிக்க வேண்டியதில்லை.

நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்ப் பணியாளருக்கு 5 வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1 மட்டுமே. காமா கதிரில் 0.15 கிரே என்பது 150 மில்லிசீவர்ட்டுக்குச் சமம். விதியை மதித்தால் பயமில்லை.

நாளை சைட்டுக்குப் போகும் தம்பி தங்கைகளே, பேட்ஜ் இல்லாதவரைக் கயிற்றுக்குள் விடாதீர்கள். தூரம் இரட்டித்தால் வீச்சு கால் பங்கு. படம் எடுத்தபின் சர்வே மீட்டர் காட்டும்வரை கதிர்மூலம் பெட்டிக்குள் திரும்பிவிட்டது என்று நம்பாதீர்கள். கீழே கிடக்கும் சின்ன உலோகத் துண்டைக் கையால் தொடக் கூடாது என்று ஹெல்பருக்கும் சொல்லிக் கொடுங்கள். தினக்கூலிக்கு வந்தவர் கேட்க மாட்டார். நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.